நிறைமாசத்துல நாங்க பட்டதும் சமாளிச்சதும்: ராமநாதபுரம் கடற்கரை அம்மாக்களின் அனுபவப் பகிர்வு

தங்கச்சிமடம் தலைச்சன்காரி

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இது தலைச்சன். ஒன்பதாம் மாசம் நடக்குது. டாக்டர் குடுத்த தேதி ஆடிக் கடைசியில வருது. எனக்கு அம்மா இல்ல, அதனால மாமியார் வீட்டுலதான் இருக்கேன். படுத்தா நெஞ்சு எரியுது. எந்திரிச்சு உக்காந்தா இடுப்பு கழண்டு விழுது. விடியக்காலம் கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு உசுரு போகுது. அத்தை நல்லவங்கதான், ஆனா எதைச் சொன்னாலும் "இந்த மாசத்துல அப்படித்தான் இருக்கும்"னு முடிச்சிடுறாங்க. எது அப்படித்தான் இருக்கும், எதைப் பார்த்துப் பயப்படணும்னு எனக்குத் தெரியல.

இன்னொண்ணு. வீட்டுக்காரரு விசைப்படகுல போறவரு. தடைக்காலம் முடிஞ்சு இப்பத்தான் போட்டு போக ஆரம்பிச்சிருக்கு. கச்சான் காத்து வேற போட்டு அடிக்குது. அவரு கடலுக்குப் போன ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல. உங்களுக்கு எப்படி இருந்துச்சு, என்ன செஞ்சீங்க, சொல்லுங்க.

பாம்பன் அக்கா

தங்கச்சி, எனக்கு ரெண்டு பிரசவத்துலயும் இந்தக் கெண்டைக்கால் இழுப்பு இருந்துச்சு. இழுக்கும்போது காலை மடக்காத. முட்டியை நீட்டி, குதிகாலைத் தள்ளி, கால்விரலை உன் பக்கமா இழு. வயிறு இடிச்சுக் கை எட்டலைன்னா சுவத்துல உள்ளங்காலை வச்சு அழுத்து, இல்ல வீட்டுக்காரரை எழுப்பு. படுக்கப் போறதுக்கு முன்னாடியே இப்படி நாலு தரம் நீட்டி விட்டுட்டுப் படுத்தா எனக்கு இழுப்பு நல்லாவே குறைஞ்சுச்சு.

நெஞ்செரிச்சலுக்கு நான் ராத்திரிச் சாப்பாட்டை வெள்ளனயே முடிச்சுக்குவேன். புளிக்குழம்பு மீனைப் பகல்ல வச்சுக்கிட்டு, ராத்திரிக்கு இட்லியோ இடியாப்பமோ கொஞ்சமா. சாப்பிட்ட உடனே படுக்க மாட்டேன். தலைமாட்டை ஒசத்தி வச்சுப்பேன். மல்லாந்து மட்டும் படுக்காத. ஒருக்களிச்சுப் படுத்து, ரெண்டு முட்டிக்கும் நடுவுல பழைய சேலையைக் கனமா மடிச்சு வச்சுக்க, வயித்துக்கு அடியில இன்னொரு மடிப்பு. இடுப்புக்கு அது அவ்வளவு ஆறுதல். இத்தனையும் செஞ்சும் எரிச்சல் அடங்கலைன்னா டாக்டரம்மாகிட்டச் சொல்லு, மாசமா இருக்கவங்க குடிக்கக்கூடிய மருந்து இருக்கு. கடையில நீயா வாங்காத.

உன் வீட்டுக்காரர் விஷயத்தைப் பத்தி நிறைய சொல்லணும். நைட் வந்து எழுதுறேன்.

கீழக்கரை லாத்தா

என் மச்சான் (வீட்டுக்காரர்) சபர்ல, அதான் வெளிநாட்டுல இருந்தாங்க, நான் உம்மா வீட்டுல. எட்டரை மாசத்துல உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்க ஆரம்பிச்சுச்சு. தடிப்பு இல்ல, சொறி இல்ல, தோல் பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ராத்திரியானா சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம் வரும். வயித்துல தோல் விரியுற அரிப்புன்னு எல்லாரும் தேங்காய் எண்ணெய் தேய்ச்சு விட்டாங்க. வயித்துல வர்ற அரிப்புக்கு அது சரிதான், என் தங்கச்சிக்கு அதுலயே அடங்கிருச்சு. எனக்கு வந்தது வேற. அடுத்த தடவை காட்டப் போனப்போ டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "உள்ளங்கை, உள்ளங்கால்ல இருக்கா, ராத்திரி கூடுதா"ங்கறதுதான். ரத்தம் எடுத்து ஈரல் சோதனையும் பித்த அமிலச் சோதனையும் பார்த்தாங்க. ஈரல்ல இருந்து பித்தம் சரியா இறங்காம ரத்தத்துல சேர்ந்துருக்குன்னாங்க. அம்மாவுக்கு அது அரிப்புதான், ஆனா வயித்துல இருக்க பிள்ளைக்கு ஆபத்துன்னு சொன்னதும் உம்மாவுக்குக் கை நடுங்கிருச்சு. மாத்திரை குடுத்து, அடிக்கடி பிள்ளைத் துடிப்பைப் பார்த்து, 37 வாரம் தாண்டுனதும் வலி வர வச்சுப் பிரசவம் பார்த்தாங்க. மகளுக்கு இப்ப நாலு வயசு. பிரசவம் ஆனதும் அரிப்பு தானா நின்னுருச்சு.

நோன்பு மாசத்துல நிறைமாசமா இருக்கறவங்க இதையும் கேட்டுக்குங்க. உடம்புக்கோ பிள்ளைக்கோ கெடுதல்னா மாசமா இருக்கவங்களுக்கு நோன்பை விட்டுட்டுப் பின்னாடி வைக்க மார்க்கத்துலயே சலுகை இருக்கு. எங்க மாமி மார்க்கம் படிச்ச ஆலிமாகிட்ட கேட்டு வந்து, அவங்களே என் கையில கஞ்சிக் கிண்ணத்தைக் குடுத்தாங்க. அந்த வெயில்ல தண்ணி குடிக்காம இருந்திருந்தா என்னால தாங்கியிருக்க முடியாது.

மண்டபம் பக்கத்து நர்சம்மா (ஓய்வு)

கிராம சுகாதார செவிலியரா இந்தக் கரையிலதான் வேலை பார்த்தேன். தங்கச்சிமடத்துப் பிள்ளை கேட்ட கேள்வி சரியான கேள்வி. எது "அப்படித்தான் இருக்கும்", எது இல்லைன்னு நான் பார்த்ததை வச்சுச் சொல்றேன்.

சாயங்காலம் ரெண்டு பாதமும் வீங்கி, காலை ஒசத்தி வச்சுப் படுத்தா காலையில வடிஞ்சிடுதா? இந்த மாசத்துல அது எல்லாருக்கும் வர்றது. காலையில எந்திரிக்கும்போதே முகம் உப்பி, மோதிரம் கழட்ட முடியாம விரல் வீங்கி இருந்தா அன்னைக்கே பிரஷர் பார்க்கணும். 140/90 வந்தாலே டாக்டர் பார்க்கணும். விடாத தலைவலி, கண்ணுக்கு முன்னாடி பூச்சி பறக்குறது, மங்கலாத் தெரியுறது, நெஞ்சுக்குழிக்குக் கீழ வலக்கைப் பக்கம் வலி, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க. இது முத்துனா ஜன்னி வந்துரும். ஒரு மீனவ ஊர்ல, நல்லாப் பேசிக்கிட்டிருந்த பொண்ணு "தலை வலிக்குது, வெயில்ல பாசி எடுக்கப் போனதால இருக்கும்"னு சொல்லிச்சு. பிரஷர் கருவியைக் கட்டுனா 160 காட்டுச்சு. கூடவே வண்டி ஏறிப் போனேன். தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. அந்தப் பொண்ணு தலைவலின்னு வாய் திறந்து சொன்னதாலதான் என்னால பார்க்க முடிஞ்சது.

நம்ம பக்கம் கருவாடு இல்லாம கஞ்சி இறங்காது. அளவாச் சாப்பிடுங்க. ஆனா கருவாட்டை நிறுத்திட்டா பிரஷர் இறங்கிடும்னு நம்பி டாக்டர் குடுத்த மாத்திரையை நிறுத்தாதீங்க. மீன்ல சூடை, நெத்திலி, காரல் மாதிரி சின்ன மீன் தாராளமாச் சாப்பிடலாம். சுறா மட்டும் வேண்டாம், பெரிய மீன்ல பாதரசம் சேர்ந்திருக்கும். சுறாப்புட்டு பால் ஊறும்னு குடுக்கறது நம்ம பழக்கம், எனக்குத் தெரியும். பால் குடுக்கும்போதும் அதுக்குப் பதிலா காரல் சொதி குடுங்கன்னுதான் எல்லா வீட்லயும் சொல்லுவேன்.

ஒரு கால் மட்டும் வீங்கி, செவந்து, சூடா வலிச்சா அதைத் தேய்ச்சு விடக் கூடாது. ரத்தம் கட்டியிருக்கலாம், உடனே காட்டணும்.

தண்ணி. இதைத்தான் நான் தொண்டை வத்தக் கத்தியிருக்கேன். குழாய்ல காவேரித் தண்ணி வர்ற அன்னைக்குத்தான் நல்ல தண்ணி, மத்த நாள் உப்புத் தண்ணி. நிறைமாசத்துல அடிக்கடி ஒண்ணுக்கு வருது, கக்கூஸ் தூரம், கூச்சம். அதனால பொண்ணுங்க தண்ணியே குடிக்க மாட்டாங்க. அதுல நீர்க்கடுப்பு வரும், மலச்சிக்கல் வரும், வயிறு இறுக்கிப் பிடிக்கும். வீட்டுல வாங்குற நல்ல தண்ணியில முதல் பங்கு மாசமா இருக்கவளுக்குன்னு வைங்க. குடத்தை அவ தள்ளுவண்டியில தள்ளிட்டு வரக் கூடாது. ஒண்ணுக்குப் போறப்ப எரிஞ்சாலோ குளிர்காய்ச்சல் வந்தாலோ சோதிக்கணும்.

இரும்புச்சத்து மாத்திரையால வெளிக்குக் கறுப்பாப் போகும், அதைப் பார்த்துப் பயந்து வீசிடாதீங்க. டீயோடயும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடயும் சேர்த்துப் போட்டா இரும்பு உடம்புல ஒட்டாது. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு பிரிச்சுக்குங்க. எலுமிச்சம்பழச் சாறோட போட்டா நல்லது. ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 11க்குக் கீழ இருந்தா ரத்தசோகை. 7க்குக் கீழ போனா மாத்திரை மட்டும் போதாது, ஆஸ்பத்திரியில சேரணும்.

கடைசியா பிள்ளை அசைவு. "ஒன்பதாம் மாசம் இடம் பத்தாது, அதான் பிள்ளை அசையல"ன்னு சொல்ற பேச்சை நம்பாதீங்க. அசையுற விதம் மாறும், அசையறது நிக்காது. சாப்பிட்டுட்டு இடப்பக்கம் ஒருக்களிச்சுப் படுத்து எண்ணுங்க. ரெண்டு மணி நேரத்துல பத்து அசைவு வரலைன்னா, இல்ல எப்பவும் போல இல்லைன்னு உங்க மனசுக்குப் பட்டா, அப்பவே கிளம்புங்க.

தொண்டி மருமக

எனக்கு மூலம்தான் பெரிய வேதனை. வெளிய சொல்லவே வெக்கமா இருந்துச்சு. நர்சம்மா சொன்ன மாதிரி தண்ணி, கீரை, பனங்கிழங்கு, கொய்யாப்பழம். வெதுவெதுப்பான தண்ணியைப் பேசின்ல ஊத்தி உக்காந்திருவேன். பிரசவம் ஆகிக் கொஞ்ச நாள்ல சரியாயிருச்சு.

வாலிநோக்கம் அக்கா

பொய் வலியைப் பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். எங்க ஊர்ல சூட்டு வலின்னுவாங்க. வயிறு கல்லு மாதிரி இறுகும், விடும். சீரகத் தண்ணி வச்சுக் குடிச்சு, ஒண்ணுக்குப் போயிட்டு வந்து கொஞ்சம் படுத்தா எனக்கு அது அடங்கிரும். நிஜ வலி அப்படி இல்ல. முதுகுல இருந்து கிளம்பி முன்னால வந்துச்சு, நேரம் வச்ச மாதிரி திரும்பத் திரும்ப வந்துச்சு, வர வர நெருங்குச்சு, நடந்தாலும் படுத்தாலும் விடல. கூடவே ரத்தம் கலந்த சளி பட்டுச்சு.

அதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி வலின்னு நினைச்சு எங்க ஊர்ல இருந்து ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கே போய், இன்னும் நேரமிருக்குன்னு பார்த்து அனுப்புனாங்க. அந்த நர்சு "சந்தேகம் வந்தா மறுபடியும் வாம்மா"ன்னு சொல்லித்தான் விட்டாங்க. அந்த வார்த்தைக்காக இன்னைக்கும் அவங்களை நினைச்சுக்குவேன். வண்டிக்காசு வீண்னு வீட்டுல யாராவது முணுமுணுத்தாலும் மறுபடி போங்க. பனிக்குடம் உடைஞ்சா வலி இல்லைன்னாலும் கிளம்பணும், தண்ணி என்ன நிறம்னு பார்த்துச் சொல்லணும். 37 வாரத்துக்கு முன்னாடி இப்படி விட்டு விட்டு வலிச்சா வீட்டுல சீரகத் தண்ணி வச்சுக்கிட்டு உக்காரக் கூடாது.

பாம்பன் அக்கா

தங்கச்சி, சொன்னபடி வந்துட்டேன்.

என் மூத்தவன் வயித்துல இருந்தப்போ இவரு போன போட்டு திரும்பல. எல்லை தாண்டுனதாப் பிடிச்சு அந்தக் கரையில, இலங்கையில வச்சுட்டாங்க. எனக்கு எட்டு மாசம். சாப்பாடு இறங்கல, படுத்தா நெஞ்சு படபடன்னு அடிக்கும். எங்க மாமியார், அதே வேதனையில இருந்த மனுஷி, ராத்திரி என் பக்கத்துல படுத்துக்குவாங்க. "அழணும்னா அழு, ஆனா சாப்பிட்டுட்டு அழு"ம்பாங்க. ஊட்டியும் விட்டாங்க. கோயில் தெருவுல அதே மாதிரி புருஷன் பிடிபட்ட இன்னும் மூணு வீட்டுப் பொண்ணுங்க சாயங்காலம் எங்க திண்ணைக்கு வந்து உக்காருவாங்க. சேதி ஏதாவது வந்தா எல்லாருக்கும் ஒண்ணா வரும். தனியா இருந்திருந்தா நான் உடைஞ்சு போயிருப்பேன். அந்த பயத்தை நான் செக்கப்புக்குப் போனப்போ டாக்டரம்மாகிட்டயும் சொன்னேன். அவங்க அதை ஒரு நோவாவே எடுத்துக்கிட்டுப் பேசுனாங்க. இப்ப 14416க்கு அடிச்சாலே மனசு கஷ்டத்துக்குத் தமிழ்ல பேச ஆளு இருக்காங்க, காசு இல்ல. என் பிள்ளை பிறந்து முப்பது கும்பிட்ட பிறகுதான் இவரு விடுதலையாகி வந்தாரு.

அதனால ரெண்டாவது பிள்ளைக்கு நான் எல்லாத்தையும் முன்னாடியே முடிவு பண்ணி வச்சேன். அவரு இருக்க மாட்டாருன்னே வச்சுக்கிட்டு ஏற்பாடு பண்ணுனேன். எந்த ஆட்டோ, அந்த ஆட்டோக்காரர் இல்லைன்னா அடுத்தது யாரு. கூட வர்றது அத்தையா, நாத்தனாரா. ரத்தம் தேவைப்பட்டா யாருக்கு என் குரூப். தாய் சேய் அட்டை, பிக்மி நம்பர் (மாசமானதைப் பதிஞ்சப்போ குடுத்த நம்பர்), ஆதார், பேங்க் புத்தகம் எல்லாம் ஒரே பையில. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல வர்ற 18,000 ரூபாய்க்கு (ஊட்டச்சத்துப் பெட்டகத்தோட சேர்த்துத்தான் அந்தக் கணக்கு) அந்த நம்பர் வேணும். போட்டு ஓனர்கிட்டயும் போய்ச் சொல்லி வச்சேன், கரையில இருந்து வாக்கி டாக்கியில சேதி சொல்ல. கடலுக்குள்ள போயிட்டா செல் எடுக்காதுல்ல.

உனக்கு இன்னொரு விஷயம் இருக்கு. தேதி ஆடிக் கடைசின்னு சொல்ற. ஆடி அமாவாசைக்கு வெளியூர் வண்டியெல்லாம் நம்ம ராமேஸ்வரம் தீவுக்குள்ள வந்துரும். பாம்பன் பாலத்துல வண்டியை நிப்பாட்டிட்டுக் கடலைப் பார்ப்பாங்க. ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம், நடுவுல மாட்டுனா அங்கிட்டும் போக முடியாது இங்கிட்டும் வர முடியாது. ராமநாதபுரத்துலயோ உச்சிப்புளியிலயோ சொந்தக்காரங்க வீடு இருந்தா அமாவாசைக்கு முன்னாடியே போய் இருந்துக்க. பிரஷர், முன்னாடி ஆபரேஷன், பிள்ளை குறுக்கால இருக்குன்னு ஏதாவது சொல்லியிருந்தா இது கட்டாயம்.

தங்கச்சிமடம் தலைச்சன்காரி

உச்சிப்புளியில எங்க சித்தி இருக்காங்க. எல்லாத்தையும் அத்தைக்கு வாசிச்சுக் காமிச்சேன். பெரியாஸ்பத்திரிக்குப் பக்கம்ங்கறதால அமாவாசைக்கு ஒரு வாரம் முன்னாடியே சித்தி வீட்டுக்குப் போயிருவோம், நானும் கூட வர்றேன்னு சொல்லிட்டாங்க. நர்சம்மா, ஒரு கேள்வி. எனக்குக் காலையில முகம் லேசா உப்புன மாதிரி இருக்கு, தலைவலி இல்ல. நாளன்னைக்கு செக்கப் இருக்கு. அதுவரைக்கும் பொறுக்கலாமா?

மண்டபம் பக்கத்து நர்சம்மா (ஓய்வு)

பொறுக்க வேண்டாம்மா. இப்பவே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அத்தையைக் கூட்டிக்கிட்டுப் போ. பிரஷரும் ஒண்ணுக்குல உப்பும் (புரதம் போகுதான்னு) பார்க்கச் சொல்லு. போற வழியில தலைவலியோ கண் மங்கலோ வந்தா 108க்கு அடி. பார்த்துட்டு வந்து எவ்வளவு இருந்துச்சுன்னு இங்க எழுது, நான் பார்த்துக்கிட்டே இருப்பேன்.

தங்கச்சிமடம் தலைச்சன்காரி

போயிட்டு வந்துட்டேன் அம்மா. பிரஷர் 130/84, உப்பு இல்ல. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லியிருக்காங்க. பிள்ளைத் துடிப்பையும் கேக்க வச்சாங்க. அத்தையும் கேட்டாங்க.