ஒய் தட்டின பிறகும் கேள்வி கீழேயே நிக்குது: ஈமாக்ஸ் தப்பா, என் தப்பா?

தரமணி_ராத்திரி:
நேத்து ராத்திரி சர்வர்ல ஈமாக்ஸ் எடிட்டர், வெர்ஷன் 27. ரெண்டு ஃபைல் திறந்திருந்தேன். ஒண்ணுல சும்மா கிறுக்கினது, வேணாம்னு அதோட பஃபரை (ஈமாக்ஸ் உள்ளே திறந்து வெச்ச பிரதி) கில் பண்ணேன். மாத்தியிருக்கு, இருந்தாலும் மூடவான்னு கேட்டுச்சு. ஒய், அதாவது யெஸ்னு தட்டினேன். பஃபர் போயி அடுத்த ஃபைல் வந்துச்சு, ஆனா கீழே அதே கேள்வி, பக்கத்துல என் ஒய்யோட அப்படியே நிக்குது. தூக்கக் கலக்கம், இன்னும் கேக்குதுன்னு இன்னொரு ஒய் தட்டினேன். கேள்வி மறைஞ்சுது. சரின்னு சேவ் பண்ணிட்டுப் படுத்துட்டேன். அந்த ரெண்டாவது ஒய் கான்ஃபிக் ஃபைல் முதல் வரில போய் உக்காந்திருக்கு. காலைல சர்வீஸ் எழும்பல.

பழைய_லிஸ்ப்:
தம்பி, இனிட் ஃபைல்ல, அதான் ஈமாக்ஸ் கிளம்புறப்ப படிக்கிற செட்டிங் ஃபைல்ல, முழு பதில் கேக்குற யெஸ்-ஆர்-நோ-பியை ஒத்த எழுத்து கேக்குற ஒய்-ஆர்-என்-பியா மாத்துற அந்த ஒத்த வரி இருக்கா?

தரமணி_ராத்திரி:
இருக்கு. யாருக்குதான் இல்ல?

பழைய_லிஸ்ப்:
அப்ப முடிஞ்சுது. ஈமாக்ஸ் வேணும்னேதான் ரெண்டு விதமா கேக்குது. சில்லறை விஷயத்துக்கு ஒரு எழுத்து. போனா வராததுக்கு யெஸ்னு மூணு எழுத்தும் அடிச்சு என்டர் தட்டணும். இந்த முழு வகை மினிபஃபர்ல (கீழே நாம பதில் அடிக்கிற வரி) நடக்கும், முடிஞ்சதும் துடைச்சிடும். ஒத்த எழுத்து வகைதான் கேள்வியையும் பதிலையும் எக்கோ ஏரியால (அதே கீழ் வரி, ஈமாக்ஸ் சேதி காட்டுறப்ப அந்தப் பேரு) எழுதி வெச்சிட்டுப் போகும், என்ன சொன்னோம்னு நீங்க பாக்க. தாழ்ப்பாளைக் கழட்டினது நீங்க, இப்ப கதவைத் திட்டறீங்க.

தரமணி_ராத்திரி:
அண்ணே, 2022-ல வந்த ஈமாக்ஸ் 28-ல, ஒத்த எழுத்துப் பதிலே போதும்னு வெக்க யூஸ்-ஷார்ட்-ஆன்சர்ஸ்னு அவங்களே ஆப்ஷனா கொடுத்துட்டாங்க. அதை விடுங்க. பிராட்வே போய்த் திரும்பின பஸ்ல இன்னும் பிராட்வே போர்டு தொங்கினா, ஏறினவன் மேலயா தப்பு? அதைவிட மோசம், அடுத்த கீ எது தட்டினாலும் அந்த வரி மறைஞ்சிடும். அதனாலதான் பதிலை வாங்கிக்கிச்சுன்னு நம்பிட்டேன்.

விம்_மட்டும்:
ஹா ஹா, இதுக்குத்தான் விம் எடிட்டர்.
சரி, நேர்மையா சொல்றேன், இங்கயும் கதை அதேதான். சேவ் பண்ணா இத்தனை வரி எழுதியாச்சுன்னு கீழே வரும். அப்புறம் நார்மல் மோடுல (கீயெல்லாம் கட்டளையா வேலை செய்யுற மோடு) எக்ஸ் தட்டி ஒரு எழுத்தை அழிங்க. ஃபைல் மாறிடுச்சு, எழுதியாச்சுங்கற வரி மட்டும் நகராது. ஃபைல் மாறியிருந்தா ஸ்டேட்டஸ் லைன்ல ப்ளஸ் குறி வர்ற மாதிரி வெச்சுக்கிட்டுதான் நான் தப்பிச்சேன்.

கோட்டூர்புரம்:
கேள்வி கேக்கறதே தப்புங்கறேன். மேக்கின்டாஷ் வேலையை ஆரம்பிச்ச ஜெஃப் ராஸ்கின் சொன்னதுதான்: திரும்பத் திரும்பக் கேட்டா பதில் விரலுக்குப் பழகிடும், மூளைக்குப் போகாது. கண்டக்டர் டிக்கெட்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள பாஸ்னு சொல்றோமே, அந்த மாதிரி. போன மாசப் பாஸா இந்த மாசப் பாஸான்னு அப்ப யார் யோசிக்கறா? அன்டூ கொடுங்க, போதும்.

பழைய_லிஸ்ப்:
எந்த அன்டூ? பஃபர் செத்தா அதோட அன்டூவும் சேர்ந்து சாகும். விம்ல 2010-லேர்ந்து, 7.3-லேர்ந்து, அன்டூவை எழுதி வெக்கிற அன்டூ ஃபைல் இருக்கு. ஆனா அது சேவ் பண்றப்பதான் எழுதப்படும். சேவ் வேணாம்னு ஆச்சரியக்குறி போட்டு வெளியே வந்தா சேவ் பண்ணாதது போனது போனதுதான்.

கோட்டூர்புரம்:
விஎஸ் கோடு எடிட்டர்ல, சேவ் பண்ணாததையும் கேக்காமலே எடுத்து வெச்சுக்குதே.

பழைய_லிஸ்ப்:
எடிட்டரை மொத்தமா மூடினா வெச்சுக்கும். சேவ் பண்ணாத ஒரு டேபை மட்டும் மூடிப் பாருங்க, அதுவும் கேக்கும்.

தரமணி_ராத்திரி:
ஒய்-ஆர்-என்-பி மேல ஒரு ஆஃப்டர் அட்வைஸ் (அது முடிஞ்சதும் ஓடற கூடுதல் கோடு) போட்டு, உள்ளே கீழ் வரியைத் துடைக்கிற மெசேஜ் நில் கொடுத்துட்டேன். பதில் சொன்னதும் கீழே சுத்தமா காலி. என்ன சொன்னேன்னு பாக்கணும்னா சேதியெல்லாம் சேர்ற மெசேஜஸ் பஃபர்ல இருக்கவே இருக்கு.

பழைய_லிஸ்ப்:
அந்த ஒத்த வரியை எடுத்திருந்தா இந்த அட்வைஸே தேவைப்பட்டிருக்காது.

தரமணி_ராத்திரி:
ராத்திரி ரெண்டு மணிக்கு யெஸ்னு முழுசா அடிக்க மாட்டேன் அண்ணே. மன்னிச்சுக்கோங்க.