முதல் ஆக்சலாட்டல்: தொட்டி தயாராகிவிட்டதா என்று எப்படி அறிவது?

புதுத்தொட்டி:
அனைவருக்கும் வணக்கம். இதுவரை மீன்கூட வளர்த்திராத என்னிடம் ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுள்ள ஓர் இளம் ஆக்சலாட்டல் (நீரிலேயே வாழும் சாலமாண்டர் வகை விலங்கு) அடுத்த வாரம் வந்து சேரவிருக்கிறது. 90 லிட்டர் கொள்ளும் தொட்டியில் குளோரின் நீக்கிய குழாய்நீரை நிரப்பி, ஸ்பான்ஜ் வடிகட்டியைச் சில நாட்களாக ஓடவிட்டிருக்கிறேன். நீர் மிகத் தெளிவாக இருக்கிறது. சோதித்துப் பார்த்தபோது அமோனியா சுழியம் என்றே காட்டியது. வெப்பநிலை 24 டிகிரி செல்சியஸ். தரையில் சிறு கூழாங்கற்களைப் பரப்பியுள்ளேன். இந்நிலையில் தொட்டி தயார் என்று கொள்ளலாமா? துணைக்குச் சில சிறு மீன்களை விடுவது நல்லதா? வந்த முதல் நாளில் என்ன உணவு கொடுக்க வேண்டும்?

வடிகட்டிப் பிரியர்:
தொட்டி இன்னும் தயாராகவில்லை. அமோனியாவை உண்டாக்கும் உயிரோ உணவோ உள்ளே இல்லாத நீரில் அது சுழியமாகத்தான் இருக்கும். அந்த அளவீட்டால் எதுவும் உறுதியாகவில்லை. விலங்கின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒருவகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், அதை வேறு வகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் நஞ்சு. நைட்ரேட் மட்டுமே ஓரளவு பொறுக்கத்தக்கது. இந்த பாக்டீரியாக்கள் நீரில் மிதந்து திரிவதைவிட ஸ்பான்ஜ் போன்ற பரப்புகளில் ஒட்டியே பெருகுகின்றன. அவை போதிய அளவு பெருக 4 முதல் 8 வாரங்கள் பிடிப்பது வழக்கம். இப்படித் தொட்டியை முதிரவைப்பதையே ‘சுழற்சி’ என்கிறோம்.

சோப்போ நறுமணமோ கலவாத அமோனியாக் கரைசலைச் சிறிது சிறிதாக விட்டு, அளவை 2 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 2 பங்கு) கொண்டுவாருங்கள். அது இறங்கும்போதெல்லாம் மீண்டும் அதே அளவுக்கு உயர்த்துங்கள். அந்த 2 பிபிஎம் 24 மணி நேரத்தில் முற்றிலும் மறைந்து, நைட்ரைட்டும் சுழியமாகி, நைட்ரேட் மட்டும் ஏறியிருப்பது தொடர்ந்து சில நாட்கள் நிகழ்ந்தால்தான் தொட்டி தயார். பின்னர் நீரின் பெரும்பகுதியை மாற்றி, நைட்ரேட்டை 20 பிபிஎம்முக்குக் கீழே இறக்கிவிட்டு விலங்கை விடலாம். நோயற்ற, பழகிய தொட்டி ஒன்றிலிருந்து பயன்படுத்திய ஸ்பான்ஜ் துண்டு கிடைத்தால் காத்திருப்பு கணிசமாகக் குறையும். ஸ்பான்ஜைக் குழாயடியில் அலசாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழியுங்கள்.

விற்பவரிடம் விலங்கைச் சில வாரங்கள் வைத்திருக்கச் சொல்லுங்கள். அதற்கு வழியில்லையென்றால், உணவுக்கு உகந்த பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் அதை வைத்து, குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையிலுள்ள நீரைக் கொண்டு நாள்தோறும் முழுவதையும் மாற்றிவரலாம். வேலை அதிகம்தான், ஆயினும் முதிராத தொட்டியைவிட அது பாதுகாப்பானது.

குளிர்நீர்:
என்னைக் கேட்டால் சுழற்சியைவிட வெப்பநிலைதான் உங்களுக்குப் பெரிய சிக்கல். ஆக்சலாட்டலின் தாயகம் மெக்சிகோவின் சொச்சிமில்கோ நீர்நிலைகள். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள குளிர்ந்த நீர் அது. 16 முதல் 18 டிகிரி வரை உகந்தது. 20-ஐத் தாண்டினால் உடல் வருந்தத் தொடங்கும். 24 டிகிரியில் நாட்கணக்கில் இருந்தால் பசி குன்றி, பூஞ்சைத் தொற்றுக்கு எளிதில் இடம்கொடுக்கும். வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் ஆக்சிஜன் குறைவதும், அமோனியாவில் நச்சுத்தன்மை மிக்க பகுதி கூடுவதும் சேர்ந்தே நடக்கின்றன.

நீர்ப்பரப்பின்மேல் வீசும் சிறு மின்விசிறி, ஆவியாதலால் நீரைச் சில டிகிரி குளிர்விக்கும். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருந்தால் அதன் பயன் குறையும். அறை பெரும்பாலும் வெப்பமாகவே இருக்குமென்றால் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்குவதைத் தவிர வழியில்லை, அதன் செலவை விலங்கு வருவதற்கு முன்பே கணக்கில் கொள்ளுங்கள். பனிக்கட்டி நிரப்பிய புட்டிகளை மிதக்கவிடுவது நெருக்கடிக்கு மட்டுமே. நாளுக்குப் பலமுறை ஏறி இறங்கும் வெப்பநிலையும் ஒரு துன்பம்தான்.

கூழாங்கற்களை இன்றே எடுத்துவிடுங்கள். இவ்விலங்கு வாயைத் திறந்து நீரோடு சேர்த்து உணவை உறிஞ்சுவதால், வாய்க்குள் நுழையும் அளவுள்ள கல்லும் உள்ளே போய்க் குடலை அடைத்துவிடக்கூடும். வெறும் கண்ணாடித் தரையே போதும். மீன்கள் வேண்டவே வேண்டாம்: அவை வெளியே நீண்டிருக்கும் செவுள்களைக் கொறிக்கும், அல்லது விழுங்கப்படும்; முள்துடுப்புள்ள மீனென்றால் தொண்டையிலேயே சிக்கிக்கொள்ளும். தனிமை இவ்விலங்குக்குக் குறையே அன்று.

மண்புழு:
வெறுந்தரை குறித்து எனக்குச் சற்று மாற்றுக் கருத்து உண்டு. வழுவழுப்பான கண்ணாடியில் கால் ஊன்ற முடியாமல் அது சறுக்கிக்கொண்டே இருக்கும், 15 செ.மீ.க்கு மேல் வளர்ந்தபின் 1 மி.மீ.க்கும் குறைந்த நுண்மணல் இடலாம், அதுவரை சொரசொரப்பான ஓடுகள் உதவும். கண்ணிமை இல்லாத உயிர் என்பதால் பளிச்சென்ற விளக்கைத் தவிர்த்து, நுழைந்து மறைய இரண்டு இடங்களாவது அமைத்துக்கொடுங்கள்.

வந்ததும் பையை மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள். பையிலுள்ள நீரைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். வலையில் செவுளும் விரல்களும் சிக்கிக் கிழியக்கூடும், ஆகவே கிண்ணத்தில் அள்ளி மாற்றுங்கள். முதல் ஓரிரு நாட்கள் உண்ணாமல் மூலையில் கிடந்தால் கலங்க வேண்டாம். முதல் உணவாக, பூச்சிக்கொல்லி படாத மண்ணிலிருந்து எடுத்த மண்புழுவைத் துண்டாக்கி இடுக்கியால் காட்டுங்கள். உண்ணாமல் விட்டதை உடனே அகற்றுங்கள். இந்த வயதில் ஒருநாள் விட்டு ஒருநாள் உணவு தரலாம்; முழு வளர்ச்சிக்குப் பின் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும்.

எப்போதாவது மேலே வந்து காற்றை விழுங்குவது இயல்பே. ஆனால் வால் நுனி சுருண்டிருப்பது, நீரோட்டம் இல்லாதபோதும் செவுள்கள் முன்னோக்கி வளைந்திருப்பது, செவுளில் பஞ்சுபோல் வெண்மை படர்வது ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் முதலில் நீரைச் சோதியுங்கள், மருந்தைப் பிறகு யோசிக்கலாம். இன்னொன்று: சில நாடுகளிலும் மாநிலங்களிலும் இவ்விலங்கை வளர்ப்பதற்குத் தடையோ உரிம விதியோ உண்டு, உங்கள் பகுதியின் விதியையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

புதுத்தொட்டி:
விரிவான பதில்களுக்கு நன்றி. தொட்டி முதிரும்வரை விலங்கைத் தம்மிடமே வைத்திருக்க விற்பவர் இசைந்துவிட்டார். கற்களை எடுத்துவிட்டேன். ஓர் ஐயம் எஞ்சியுள்ளது: மின்விசிறியை இப்போதே இயக்கி நீரைக் குளிர்விக்க வேண்டுமா, சுழற்சி முடிந்தபின் தொடங்கினால் போதுமா?

வடிகட்டிப் பிரியர்:
இப்போது 24 டிகிரியிலேயே விடுங்கள், வெதுவெதுப்பில் பாக்டீரியாக்கள் விரைவாகப் பெருகும். இந்தத் தொட்டிக்கு வெப்பம் உதவும் ஒரே காலம் இதுதான். சுழற்சி முடிந்தபின் சில நாட்களில் படிப்படியாக 18 டிகிரிக்கு இறக்குங்கள். குளிரில் அவற்றின் வேகம் குறையுமாதலால், அந்த வெப்பநிலையிலும் 2 பிபிஎம் அமோனியா ஒரே நாளில் தீர்கிறதா என்று மீண்டும் சோதித்த பிறகே விலங்கை வரவழையுங்கள். 18 டிகிரிக்கு மின்விசிறியால் இறக்க முடியாவிட்டால், அதுவும் விலங்கு வருவதற்கு முன்பே அப்போது தெரிந்துவிடும்; சில்லர் பற்றி முடிவெடுக்க அதுவே தக்க தருணம்.