ஒட்டெதிர்ப்பா, நிராகரிப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கல்லீரல் மாற்று அறுவைக்காக நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் இரண்டு இடங்களில் 'ஒவ்வாமை' என்றே போட்டிருக்கிறோம். ரத்த வகை சேராததற்கும் அதுதான், வைத்த கல்லீரலை உடம்பு தாக்குவதற்கும் அதுதான். இறால் தின்று உடம்பு தடித்தாலும் ஒவ்வாமைதான். காசிமேட்டுப் பக்கம் வளர்ந்தவனுக்கு அந்தச் சொல் இறாலைத் தாண்டி நகராது.

இரண்டும் ஒன்றல்ல. 1901-ல் லேண்ட்ஸ்டெய்னர் என்ற மருத்துவர் ஒருவரின் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிநீரை, இன்னொருவரின் சிவப்பணுக்களோடு கலந்து, அவை திரள்கின்றனவா என்று பார்த்துத்தான் ரத்த வகைகளைப் பிரித்தார். கத்தி எடுக்கும் முன்பே கண்ணாடிக் குழாயில் தெரிந்துவிடுகிற சேதி அது. அதற்குப் 'பொருந்தாமை' போதும். பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில் விளக்கவே வேண்டாம். மற்றது உயிருள்ள உடம்புக்குள், உறுப்பை வைத்த பிறகு நடப்பது. ரத்த வகை ஒத்திருந்தாலும் நடக்கும்.

அதற்கு 'நிராகரிப்பு' என்று வைக்கலாம் என நம் குழுவின் மருத்துவர் ஐயா எழுதியிருந்தார். அச்சில் புழங்குகிற சொல்தான். ஆனாலும் எனக்குத் தயக்கம். தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு ஷேர் ஆட்டோக்காரரின் தம்பிக்குக் கல்லீரல் மாற்று நடந்தது. இரண்டு வாரம் கழித்து டீக்கடையில் வந்து உட்கார்ந்த ஆட்டோக்காரர், "நிராகரிப்புன்றாங்க சார், கேஸை வேணாம்னுட்டாங்க போல" என்றார். ரேஷன் கார்டு முதல் முதியோர் பென்ஷன் வரை அவர் பார்த்ததெல்லாம் மனு நிராகரிப்பு. ஆபீஸில் ஒருமுறை அடித்துவிட்டால் முடிந்தது. இங்கே நடந்தது வேறு. கல்லீரல் நொதிகள் ஏறின, துளித் திசு எடுத்துப் பார்த்தார்கள், மூன்று நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள், அடங்கிவிட்டது.

அடங்கும் என்று சொல்ல இடம் தருகிற சொல் வேண்டும். எதிர்ப்பு அடங்கும். அதனால், வைத்த உறுப்பை, அதாவது ஒட்டை, உடம்பு எதிர்ப்பதை 'ஒட்டெதிர்ப்பு' என்கிறேன். நோயை எதிர்க்கிற அதே வெள்ளையணுக்கள்தான் இதையும் செய்கின்றன என்பதால் 'நோயெதிர்ப்பு'க்குப் பக்கத்திலேயே உட்காரும். இதை அடக்கிவைக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளை 'எதிர்ப்படக்கி' எனலாம். 'ஒட்டு' தோலுக்குத்தானே, கல்லீரலை யாரும் ஒட்டுவதில்லையே என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார். ஒட்டுமாங்கன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வேறு மரத்தின் கிளை இந்த மரத்தின் சாற்றில் பிழைக்கிறது. கல்லீரலும் ரத்தக் குழாய்களையும் பித்தக் குழாயையும் இணைத்தால்தான் பிழைக்கிறது.

முதல் சொல்லான பொருந்தாமையைக் 'குருதிவகைப் பொருந்தாமை' என்று விரித்து எழுதுவது பற்றி ஒரு எச்சரிக்கை. குருதி என்றதும் சிக்கல் ரத்தத்தில்தான் என்று தோன்றும். ரத்த வகையைக் காட்டும் ஏ, பி அடையாளங்கள் சிவப்பணுவில் மட்டுமல்ல, ரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் பித்தக் குழாய்களிலும் இருக்கின்றன. ஓ வகைக்காரரின் ரத்தத்தில் இரண்டுக்கும் எதிரிகள் (ஆன்டிபாடிகள்) தயாராக இருப்பதால், ஏ வகைக் கல்லீரலை அப்படியே வைத்தால் அடி அந்தக் குழாய்களில் விழும். பித்தக் குழாய் சுருங்கும், திசு அழியும். பாசிட்டிவ், நெகட்டிவ் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். கல்லீரல் மாற்றில் அதை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை.

அப்புறம், பொருந்தாமை இருந்தாலே கதவு மூடியாயிற்று என்றும் இல்லை. கொடுப்பவர் உயிரோடிருக்கும் உறவினர் என்றால் தேதி குறிக்கலாம். சில வாரம் முன்பே ரிடுக்சிமாப் என்ற மருந்தைக் கொடுத்து, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றி எதிரிகளைக் குறைத்துவிட்டு மாற்று செய்கிறார்கள். பொருந்தாமை அப்படியே இருக்கும், ஒட்டெதிர்ப்பு வராமல் போகலாம். இந்த வாக்கியத்தை இரண்டு 'ஒவ்வாமை' வைத்து எழுதிப் பாருங்கள்.

நேற்று அதே ஆட்டோக்காரரிடம் 'ஒட்டெதிர்ப்பு' என்று சொல்லிப் பார்த்தேன். "எலெக்‌ஷன் வருதா சார்?" என்றார். ஒட்டுக்கும் ஓட்டுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். 'ஒட்டுறுப்பு எதிர்ப்பு' என்று நீட்டிவிடலாமா?