பாரோஸ் தீவின் விமானநிலையம்: ஓடுபாதையை நீட்டுவது யாருக்காக?

ஓடுபாதை:
கிரேக்கத்தின் சைக்லாடிஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள பாரோஸின் விமானநிலையத்தில் 1,400 மீட்டராக உள்ள ஓடுபாதையை 1,799 மீட்டராக நீட்டும் திட்டத்தை நான் ஆதரிக்கிறேன். 2016 ஜூலையில் இப்போதைய நிலையம் திறக்கப்படும் வரை, சுமார் 14,000 பேர் வாழும் இத்தீவு அலிகி ஊரின் அருகே இருந்த வெறும் 710 மீட்டர் ஓடுபாதையையே நம்பியிருந்தது. முப்பத்தேழு பேர் அமரும் டாஷ் 8-100 போன்ற சிறு விமானங்களால் மட்டுமே அதில் இறங்க முடிந்தது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து கப்பலில் ஏறினால் பாரோஸை அடைய ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். மெல்தெமி என்னும் வடகாற்று கடுமையாக வீசும் நாள்களில் கப்பல்கள் துறைமுகத்தை விட்டுப் புறப்படவே அனுமதிக்கப்படுவதில்லை. கடல்வழியை மட்டும் நம்பியிருப்பது எத்தகையது என்பதைப் பாரோஸ் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2000 செப்டம்பர் 26 அன்று இரவு, எக்ஸ்பிரஸ் சமினா என்ற பயணிகள் கப்பல் பாரோஸின் பாரிகியா துறைமுகத்தை நெருங்கும் வேளையில் போர்தெஸ் பாறைத்திட்டுகளில் மோதி மூழ்கியதில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; மீன்பிடிப் படகுகளில் விரைந்து சென்று உயிர்களை மீட்டவர்களில் பலர் அத்தீவின் மீனவர்களே.

நெய்தல்:
அந்த இரவை நினைவுகூர்ந்ததற்கு நன்றி. ஆனால், அந்தத் துயரத்தை இந்த நீட்டிப்புக்குச் சான்றாகக் கொள்வது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. ஏதென்ஸுக்கும் பாரோஸுக்கும் இடையே பறக்கும் ஏடிஆர் போன்ற சுழல்விசிறி விமானங்களுக்கு 1,400 மீட்டர் போதும். இன்றும் அவை அங்கேதான் இறங்குகின்றன. கூடுதலாகக் கேட்கப்படும் 399 மீட்டர், ஐரோப்பிய நகரங்களிலிருந்து ஜெட் விமானங்கள் நேரடியாக வந்து இறங்குவதற்கானது. அவை கோடையில் வரும், குளிர்காலத்தில் வாரா. ஜனவரியில் மருத்துவரைப் பார்க்க ஏதென்ஸ் செல்லும் முதியவருக்கு அந்த நீளத்தால் ஒரு பயணச்சீட்டுகூடக் கூடுதலாகக் கிடைக்கப்போவதில்லை.

ஓடுபாதை:
மருத்துவத்தை நீங்களே குறிப்பிட்டதால் கேட்கிறேன்: பாரோஸில் இருப்பது ஒரு நலவாழ்வு மையம் மட்டுமே, பெரிய சிகிச்சைக்கு அண்டைத் தீவான சீரோஸுக்கோ ஏதென்ஸுக்கோதான் போயாக வேண்டும் என்பதை நீங்கள் மறுப்பீர்களா?

நெய்தல்:
மறுக்கவில்லை. ஆனால் அவசர நோயாளிகளை ஏற்றிச்செல்லும் ஹெலிகாப்டருக்கு ஓடுபாதையின் நீளம் ஒரு பொருட்டே அல்ல. அதற்கு வேண்டியவை வெளிச்சமும் ஆள்களும் எந்நேரமும் திறந்திருக்கும் நிலையமும்தான். அவற்றுக்குப் பணம் செலவிடுங்கள் என்றால் நான் முதல் ஆளாகக் கையெழுத்திடுவேன்.

கரைவாசி:
விமானத் துறையில் பராமரிப்புப் பொறியாளராக இருப்பதால் ஒரு விளக்கம் தர விரும்புகிறேன். ஸ்கியாதோஸ் தீவின் ஓடுபாதை 1,628 மீட்டர்தான். அங்கே போயிங் 737 போன்ற ஜெட் விமானங்கள் பல ஆண்டுகளாக இறங்கி ஏறுகின்றன. எனவே 1,799 மீட்டர் கிடைத்தால் பாரோஸில் ஜெட் இறங்க முடியும் என்பதில் ஐயமில்லை. வெயில் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைந்து, இறக்கையின் ஏற்றுவிசையும் இயந்திரத்தின் உந்துவிசையும் தளர்வதால், அதே விமானம் தரையை விட்டெழ இன்னும் நீண்ட ஓட்டம் தேவைப்படும். அதனால்தான் தொலைதூரம் செல்லும் விமானங்கள் ஸ்கியாதோஸிலிருந்து குறைந்த எரிபொருளுடன் கிளம்பி, வழியில் வேறு நிலையத்தில் இறங்கி நிரப்பிக்கொள்வதும் உண்டு. பாரோஸிலும் ஆகஸ்ட் நண்பகலில் இதே கணக்கைப் போட வேண்டியிருக்கும். சர்வதேச விமானநிலைய வகைப்பாட்டில் 1,800 மீட்டரிலிருந்து அடுத்த பிரிவு தொடங்கிவிடுகிறது. ஒரு மீட்டர் குறைவாக நிறுத்தினால் நிலையம் கீழ்ப்பிரிவிலேயே இருக்கும்.

நெய்தல்:
மிக்க நன்றி, கரைவாசி. விரிவாக்கம் எந்த விருந்தினருக்காக என்பது உங்கள் விளக்கத்திலேயே தெரிகிறது. 2023 கோடையில் பாரோஸ் மக்கள் கடற்கரையில் ஊர்வலம் போனது ஏன் என்று எண்ணிப் பாருங்கள். சாய்வு நாற்காலிகளும் குடைகளும் மணலை அடைத்துக்கொண்டதால், தாம் பிறந்த ஊரின் கரையில் ஒரு துண்டை விரிக்கவும் அவர்களுக்கு இடமில்லாமல் போயிற்று. குடிநீருக்குக் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களை நாட வேண்டியுள்ள தீவு அது. கப்பல் நான்கு மணி நேரம் எடுப்பதால் வராமல் இருந்த கூட்டத்தை, ஜெட் விமானம் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கும்.

ஓடுபாதை:
கடற்கரை ஆக்கிரமிப்பு உரிமங்களையும் கண்காணிப்பையும் சார்ந்த குற்றம். அதற்கு ஓடுபாதையைத் தண்டிக்கக் கூடாது. கோடையில் வாடகைக்கு அறை விட்டும் உணவகம் நடத்தியும் ஆண்டு முழுவதற்கும் பொருளீட்டும் குடும்பங்களின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். ஆயினும் குளிர்காலம் பற்றிய உங்கள் கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அஸ்டிபாலயா, இகாரியா போன்ற தீவுகளுக்கு ஏதென்ஸிலிருந்து அரசு மானியத்துடன் பொதுச்சேவைக் கடமையாக விமானங்கள் இயக்கப்படுகின்றன. கோடை ஜெட் விமானங்களிடம் வாங்கும் கட்டணத்தில் ஒரு பகுதி பாரோஸின் குளிர்காலச் சேவைக்கே செல்ல வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதிவைத்தால் ஏற்பீர்களா?

நெய்தல்:
அப்படி எழுதிவைத்தால், அதனுடன் நாளொன்றுக்கு எத்தனை ஜெட் விமானங்கள் இறங்கலாம் என்ற உச்சவரம்பையும் சேர்த்து எழுதினால், ஏற்பேன். வரம்பு முதலில் வரட்டும், தார் பிறகு கொட்டட்டும்.