பழைய மண்டபத்தைப் பாலர் பள்ளியாக மாற்றுகிறோம், பணத்தை எதில் போடுவது?

லயத்துமல்லி:
வணக்கம். நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப் பட்டணம், சுற்றிலும் செம்பனை. கோயில் பக்கத்துப் பழைய மண்டபத்தைப் பாலர் பள்ளிக்குத் தந்திருக்கிறார்கள். 40 அடிக்கு 25 அடி, ஒரே அறை, தகரக் கூரை. நாலிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகள் இருபது பேர் வருவார்கள். நாலு சுவரிலும் கார்ட்டூன் வரைய வேண்டும் என்று செயலவையில் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். கையில் இருப்பது எட்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்), பாதி பெயிண்டுக்கே போய்விடும் போலிருக்கிறது. என்ன செய்யலாம்?

பாலர்_டீச்சர்:
கார்ட்டூன் வேண்டாம். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 24 பாலர் பிள்ளைகளுக்குப் படங்கள் நிறைந்த அறையில் சில பாடம், வெறும் சுவர் அறையில் சில பாடம் நடத்தினார்கள். படம் நிறைந்த அறையில் பாட நேரத்தில் 38.6 விழுக்காடு கவனம் வேறெங்கோ போனது, வெறும் அறையில் 28.4. பாடம் புரிந்ததும் வெறும் அறையில்தான் அதிகம். சின்ன ஆய்வுதான், ஆனால் வகுப்பில் நான் தினமும் பார்ப்பதும் இதையே.

சுவருக்கு வெளிர் நிறம் போதும். பிள்ளைகள் வரைந்ததை அவர்கள் கண்ணுக்கு நேராக ஒட்டுங்கள், நம் கண்ணுக்கு அல்ல! நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படவேண்டும், அதற்கு உட்காரும் உயரம் 26 முதல் 31 செ.மீ. இருந்தால் சரி. மரியா மொண்டிசோரி 1907இல் ரோமில் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியபோதே மேசை நாற்காலியைப் பிள்ளைகள் அளவுக்குச் செய்தார், நாம் இன்னும் கல்யாண மண்டப நாற்காலியைப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம், பலகை அடித்து அறை பிரிக்காதீர்கள். இடுப்பளவு திறந்த அலமாரிகளையே தடுப்பாக வைத்தால் பிள்ளைகள் தாங்களே பொருளை எடுப்பார்கள், திருப்பி வைப்பார்கள், டீச்சருக்கும் எல்லா மூலையும் தெரியும். கட்டை அடுக்கும் இடமும் புத்தக மூலையும் எதிரெதிர்ப் பக்கம் இருக்கட்டும். நடுவில் நீளமாகக் காலி இடம் விட்டால் ஓட்டப்பந்தயம்தான்.

செம்பனைக்காரன்:
டீச்சர் சொன்னது சரி, ஆனால் முதலில் கூரையைப் பாருங்கள். மழை பிடித்தால் தகரத்துக்கு அடியில் டீச்சர் கத்தினாலும் கேட்காது. ல, ள, ழ எல்லாம் காதில் விழுந்துதானே நாக்குக்கு வரவேண்டும்? சீலிங் அடித்து அதற்கு மேல் தீப்பிடிக்காத காப்புப் பஞ்சு விரித்தால் சத்தமும் குறையும், மத்தியான வெக்கையும் குறையும். அலமாரி எதுவும் கதவை மறைக்கக் கூடாது, வேலை தொடங்குவதற்கு முன்பே பொம்பாவிடம் (தீயணைப்புத் துறையிடம்) கேட்டுவிடுங்கள்.

நாணா_தம்பி:
எல்லாம் சரி அண்ணே, படம் இல்லாத பள்ளியைப் பார்த்தால் பெற்றோர் பிள்ளையை வேறு தாடிகாவில் (பாலர் பள்ளியில்) சேர்த்துவிடுவார்கள். அதையும் யோசிக்க வேண்டும்.

பாலர்_டீச்சர்:
அதற்கென்ன, ரோட்டைப் பார்த்த வெளிச்சுவரில் வரையட்டும். செயலவைக்கும் திருப்தி.

ராஜம்மா_பாட்டி:
அந்தக் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையில் தொட்டிலைத் தவிர ஒன்றும் இல்லை, ஆனால் வாசலில் மண் இருந்தது. சிமெண்ட் போட்டு எல்லாவற்றையும் மூடிவிடாதே கண்ணு. தாழ்வாக ஒரு பைப்பு, ஒரு மணல் தொட்டி, பூனை அசிங்கம் பண்ணாமல் அதற்கு ஒரு மூடி.

லயத்துமல்லி:
எல்லோருக்கும் நன்றி. வெளிச்சுவர் யோசனைக்குத் தலைவர் சரி சொல்லிவிட்டார். சுங்கை சிப்புட், குவாலா கங்சார் பக்கம் சீலிங் வேலை செய்பவர் யாராவது தெரியுமா?