நம்ம கரை மீனும் நம்ம மாவட்டத்து நெல்லும் ஊருக்குள்ளயே கிடைக்க எங்கருந்து ஆரம்பிக்கலாம்?

மண்டபம்_பக்கம்:
வணக்கம். மண்டபம் பக்கத்துல ஒரு ஊராட்சி நமக்கு, வெளியூர்ல வேலை பாத்துட்டு இப்ப ஊரோட வந்துட்டேன். கண்ணு முன்னாடிதான் மீன் இறங்குது, நண்டு கணவாய் இறாலெல்லாம் ஐஸ் பெட்டியில ஏறி போயிருது, புள்ளைங்க சாயங்காலம் பாக்கெட் தீனிய பிரிச்சுக்கிட்டு உக்காந்துருக்குங்க. அரிசியும் எங்கிருந்தோ வருது, இத்தனைக்கும் நெல்லு விளையுற திருவாடானை நம்ம ராமநாதபுரம் மாவட்டம்தான். இத மாத்தணும்னு மனசு கிடந்து அடிச்சுக்குது. காசு இல்ல, நேரம் இருக்கு, கூட நாலஞ்சு பேரு வருவாங்க. மொதல்ல எதுல கை வைக்கிறது?

தேவிபட்டினம்_அக்கா:
தம்பி, மொதல்ல மீன் கூடை தூக்குற பொம்பளைங்ககிட்ட போய் பேசுங்க. கடலுக்கு போறவங்கள்ல நிறைய பேரு வலைக்கும் இஞ்சினுக்கும் வியாபாரிகிட்ட அட்வான்ஸ் வாங்கிருப்பாங்க, அதனால பட்ட மீன அவருக்குத்தான் போடணும், வெலையும் அவரு சொல்றதுதான். அவங்ககிட்ட போய் ஏன் ஊருக்கு தரலன்னு கேட்டா சண்டைதான் வரும். ஆனா சூடை, காரல், நெத்திலின்னு சின்ன மீன கூறு கூறா எடுத்து விக்கிறது நம்ம பொம்பளைங்கதான், சத்தும் அதுலதான் இருக்கு, நெத்திலிய முள்ளோட திங்கிற புள்ளைக்கு சுண்ணாம்புச்சத்து தனியா தேட வேணாம். அவங்களுக்கு இல்லாதது ஐஸ், நிழல், கழுவ தண்ணி, உக்கார ஒரு இடம். ஒரு தெருவுல பத்து பதினஞ்சு வீடு சேந்து வாரத்துல ரெண்டு நாள் இன்ன மீன் வேணும்னு முந்தின நாளே சொல்லி வச்சா அந்தம்மா தைரியமா ஏலம் எடுக்கும். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீனுதான், வெலை ஏறிரும். அந்த நேரத்துல ஆரம்பிக்காதீங்க, ஜனங்க மொத வாரத்துலயே விட்டுருவாங்க.

திருவாடானை_வயக்காடு:
அண்ணே அரிசிய பத்தி நான் சொல்றேன். எங்க பக்கம் மழைய நம்பி புழுதியில விதைக்கிறதுதான், ஐப்பசி கார்த்திகை மழை ஏமாத்துனா போச்சு. சித்திரைக்கார்னு நம்ம மாவட்டத்து செவப்பு நெல்லு, வறட்சிய தாங்கி நிக்கும், ஆனா போடுறவங்க கம்மி, ஏன்னா வாங்க ஆள் இல்ல. அறுத்ததும் கடன்காரன் வாசல்ல நிப்பான், வச்சு விக்க இடம் கிடையாது. ஆவணிக்குள்ள வாங்க, இருபது வீடு சேந்து இத்தன மூட்டைன்னு சொல்லி பாதிப் பணம் குடுத்துட்டா ஒரு ஏக்கர் சித்திரைக்காருக்கு விடலாம். மில்லுல கொஞ்சமா கொண்டு போனா அரைக்க மாட்டாங்க, அதனால மொத்தமா அரைச்சு பிரிச்சுக்குங்க, ரொம்ப தீட்ட வேணாம்னும் சொல்லிருங்க. மழை பொய்ச்சா பாதிதான் வரும், அத வாங்குறவங்களும் சேந்து தாங்கணும், மொதல்லயே பேசிக்கணும்.

ஸ்கூல்_அம்மா:
பள்ளிக்கூடத்தையும் விட்றாதீங்க. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது, மதியம் சத்துணவு முட்டையோட இருக்கு. அதுக்கு வர்ற அரிசி பருப்ப நாம மாத்த முடியாது, ஆனா பள்ளி மேலாண்மைக் குழுவுல பெத்தவங்கதான் அதிகம், அதுல போய் உக்காந்து சாப்பாட்ட ருசி பாக்கலாம், முருங்கையும் கீரையும் ஸ்கூல்லயே போடலாம். அப்புறம் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்தக்கா சொன்ன நிழலும் தண்ணியும் அங்க தீர்மானமா எழுதி வாங்குங்க, வாயால சொன்னது நிக்காது.

தேவிபட்டினம்_அக்கா:
சரிதாம்மா, ஆனா விக்கிற பொம்பளைங்க தாங்களே எந்திரிச்சு கேக்கணும். படிச்ச தம்பி ஒருத்தர் மனு எழுதிட்டு வந்தா அவரு போனதும் விஷயமும் போயிரும்.

மண்டபம்_பக்கம்:
ரொம்ப நன்றிக்கா, எல்லாருக்கும். நாளைக்கு விடியக்காலம் கரைக்கு போய் அந்தம்மாக்கள்ட்ட பேசுறேன், எங்க தெருவுல யார் யாருக்கு எந்த மீன் வேணும்னு வீட்டம்மா கேட்டுட்டு இருக்காங்க. திருவாடானை தம்பி, ஆவணிக்கு முன்னாடி நேர்ல வர்றேன், உங்க ஊர்ல சித்திரைக்கார் விதைநெல்லு யார்ட்ட இருக்குன்னு மட்டும் விசாரிச்சு வைங்க.