23 வயதில் போன புக்கர் லிட்டில்: பாதியில் நின்ற இசையா?

பழைய_இசைத்தட்டு:
ட்ரம்பெட் கலைஞர் புக்கர் லிட்டிலை ஜாஸின் பெரிய இசையமைப்பாளர் வரிசையில் சிலர் வைக்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. 1938இல் மெம்ஃபிஸில் பிறந்தார். 1958இல் டிரம்ஸ் மேதை மேக்ஸ் ரோச்சின் குழுவில் சேர்ந்தார். 1961 அக்டோபரில் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார். மொத்தமே மூன்று வருஷம், தன் பெயரில் நாலு ஆல்பம். வாசிப்பில் முந்தைய ட்ரம்பெட் மேதை கிளிஃபர்ட் பிரவுனின் சாயல் வேறு (அவரும் 25 வயதில், 1956இல் கார் விபத்தில் போனவர்). நல்ல நாற்று, விளைய விடவில்லை காலம். செத்தவர்மேல் உள்ள இரக்கத்தில் பட்டம் கொடுக்கிறோமோ என்று தோன்றுகிறது.

நள்ளிரவு_ரேடியோ:
அண்ணே, நாற்று என்று சொல்லாதீங்க. 1961இல் கேண்டிட் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பதிவு செய்த 'அவுட் ஃப்ரண்ட்' ஆல்பத்தை எடுத்துக்கோங்க. எல்லா மெட்டும் அவர் எழுதியவை. ட்ரம்பெட், ஜூலியன் பிரீஸ்டரின் டிராம்போன், எரிக் டால்ஃபியின் சாக்ஸஃபோன். மூன்றே ஊதுகருவிகள்தான். கேட்டால் ஐந்தாறு பேர் ஊதுவதுபோல் இருக்கும். காரணம், நாம் அபஸ்வரம் என்று ஒதுக்குகிற சேர்க்கைகளை அவர் வேண்டுமென்றே பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். தப்பான ஸ்வரம் என்று ஒன்றை யோசிக்கவே முடியவில்லை, முரண் கூடக்கூட ஒலி பெரிதாகிறது என்று அந்த வருஷமே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். 23 வயசில் இப்படி ஒரு கொள்கை, அதற்குச் சாட்சியாக ஒரு ஆல்பம். இதற்குமேல் என்ன விளையணும்?

பழைய_இசைத்தட்டு:
கொள்கை சரி, தம்பி. டால்ஃபியும் ரோச்சும் பக்கத்தில் இருந்தால் யாருடைய மெட்டும் கனமாகத்தான் கேட்கும். ஜூலை 16, 1961இல் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் ஜாஸ் கிளப்பில் இருவரும் சேர்ந்து வாசித்த பதிவிலும் என் காது டால்ஃபி பக்கம்தான் போகிறது.

சர்ச்_பேண்ட்_அக்கா:
இருபது வருஷமாக சர்ச்சில் ட்ரம்பெட் ஊதுகிறவள் என்கிற முறையில் சொல்கிறேன். அதே ஃபைவ் ஸ்பாட் பதிவில் 'அக்ரஷன்' கேளுங்கள். அது லிட்டில் எழுதியது. அந்த வேகத்தில் உதடு தளர்ந்தால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று வழுக்கி ஒட்டிக்கொள்ளும். அவருக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாக, நெல்மணி எண்ணுவதுபோல் விழுகிறது. பியானோ வேறு ஸ்ருதி கலைந்து கிடக்கிறது. அடுத்த மூன்றே மாதத்தில் இறக்கப்போகிற உடம்பு அது. நான் பாதியிலேயே ட்ரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கிளிஃபர்டின் சாயல் தொனியில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கிளிஃபர்டின் மெட்டில் வெயில் அடிக்கும். லிட்டிலின் மெட்டில் ஏதோ ஒரு துக்கம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது வேறு மனசு.

நள்ளிரவு_ரேடியோ:
அக்கா சொன்னதோடு ஒன்று. ரோச்சின் 1958 குழுவில் பியானோவே கிடையாது; டியூபா என்கிற பெரிய, அடித்தொனி ஊதுகருவி இருந்தது. பியானோ இல்லாவிட்டால் இசைவின் பாரம் முழுக்க ஊதுகிறவர்கள் தலையில்தான் விழும். ஊதுகருவிகளை அடுக்கும் வித்தையை அவர் பழகிய பட்டறை அது என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் சிகாகோ கன்சர்வேட்டரியில் முறையாகப் படித்தும் இருக்கிறார். டால்ஃபி கொடுத்த கனம் இல்லை அண்ணே.

டால்ஃபி இல்லாத ஆதாரமும் இருக்கு. கடைசி ஆல்பம், 'புக்கர் லிட்டில் அண்ட் ஃப்ரெண்ட்'. சாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு பதிவு செய்தது. சாக்ஸஃபோனில் மெம்ஃபிஸ்காரர் ஜார்ஜ் கோல்மன். அதே கனம், அதே அடுக்கு.

பழைய_இசைத்தட்டு:
அந்தக் கடைசி ஆல்பத்தை டால்ஃபியை மறந்துவிட்டு நான் கேட்டதில்லை, ஒத்துக்கொள்கிறேன். இன்று ராத்திரி கேட்கிறேன். ஆனாலும் நாலு ஆல்பத்தை வைத்துப் பெரிய இசையமைப்பாளர் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

சர்ச்_பேண்ட்_அக்கா:
அதற்கு முன் 'அவுட் ஃப்ரண்ட்' ஆல்பத்தில் 'மேன் ஆஃப் வேர்ட்ஸ்' ஒன்றை மட்டும் கேளுங்கள். தயாரிப்பாளர் நாட் ஹென்டாஃப் ஒரு எழுத்தாளர், அவருக்காக எழுதியது. மற்றவர்கள் அடியில் மெல்ல நகர, ட்ரம்பெட் மட்டும் தனியாகப் பேசிக்கொண்டே மேலே ஏறும். விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.